இடது மூலையில் ஒரு நம்பர்

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் தோசையில்தான் ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமான நாலாம் நாள் நான் முதன்முதலாகச் சுட்டுப் போட்ட தோசையை அவர் பிய்த்து வாயில் வைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெர்னியர் கேலிப்பரை எடுத்து, நடுவில் ஒரு அளவும் ஓரத்தில் ஒரு அளவும் பார்த்தார்.

"நடுவுல மூணு மில்லி. ஓரத்துல ஒண்ணே கால். இன்னா தெரசா, ஒரே தோசையில இவ்ளோ வித்தியாசம்?"

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது, விவரம் பத்தாது. இன்றைக்கு அப்படிக் கேட்டுப் பார்க்கட்டும், தோசைத் திருப்பியாலேயே பதில் சொல்வேன்.

பெயர் அருள்தாஸ். வயது ஐம்பது. அண்ணனூரில் ரயில் பணிமனைக்குப் பின்னால் இருக்கிற தெருவில், மாடி வீட்டில் குடியிருக்கிறோம். தினமும் காலையில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் போவார். அங்கே வால்வு கடைகிற ஒரு சின்னக் கம்பெனியில் இருபத்தேழு வருடமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு வால்வுகூட கேட்டைத் தாண்டாது. அளவு சரியாக இருந்தால் பச்சைச் சீட்டு. ஒரு நூல் பிசகினாலும் சிவப்புச் சீட்டைக் கட்டித் தொங்கவிட்டுவிடுவார். அதோடு விடமாட்டார். காரணம் தெரிகிற வரைக்கும் அதோடு பிறந்த மொத்தச் சரக்கையும் நிறுத்தி வைத்துவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி இல்லையாம். ஒரு தடவை அவசரத்தில் நானூறு வால்வைக் கருவி எதுவும் வைக்காமல், கண்ணால் பார்த்தே அனுப்பிவிட்டார். நானூறும் திரும்பி வந்தன. திங்கட்கிழமைக்குள் மறுபடி கடைந்து கொடுக்க வேண்டும். நடுவில் வந்தது ஈஸ்டர் ஞாயிறு. ஷிப்டில் இருந்த ஒன்பது பேரும் லீவைத் தொலைத்துவிட்டு லேத் முன்னால் நின்றார்கள். ஒரு மாதம் யாருமே இவரோடு டீ குடிக்கவில்லை. அன்றோடு சொந்தக் கண்ணை நம்புவதை விட்டுவிட்டார் மனிதர். வெளியே மழை பெய்கிறதா என்று கேட்டால்கூடப் போனை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வார். நனைந்துகொண்டே பார்ப்பார்.

எங்களுக்கு ஒரே பிள்ளை, ஜெர்வின். போன ஜூன் மாதம் புனேவில் வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது, அதற்கு முன் இங்கே வேலை பார்த்த சம்பளத்தில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரை ஹாலிலேயே விட்டுவிட்டுப் போனான். அதைப் போட்டால் பெட்டிக்குள்ளே சிவப்பும் நீலமுமாக விளக்கெரியும், எங்கள் கோயில் தேரைப் போல.

பிள்ளை போன பிறகு இவர் பேசுவதையே நிறுத்திவிட்டார். வேலையிலிருந்து வந்தால் நாற்காலியில் உட்காருவார், அப்படியே உட்கார்ந்திருப்பார். டிவியும் போடமாட்டார். ஒருநாள் ஜெர்வின்தான் போனில் சொன்னான்: "பா, சும்மா கெடக்குது மிஷினு. அதுல ஒரு லாரி கேம் கீது, ஓட்டிப் பாரு. டைம் போவும்."

இவர் உட்கார்ந்தார். ஏதோ வெளிநாட்டுச் சாலை, பெரிய லாரி, சரக்கேற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போக வேண்டும். முதல் ஐந்து நிமிடத்திலேயே "இது சரியா ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?" என்று பிள்ளையைக் கேட்டார். கேட்காமல் இருப்பாரா? அவனும் அறியாமல், திரையின் இடது மூலையில் ஒரு நம்பர் காட்டுகிற மீட்டரைப் போடச் சொல்லிக் கொடுத்துவிட்டான். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அந்த நம்பர் என்னவென்றால், ஒரு செகண்டுக்குத் திரையில் எத்தனை படம் மாறுகிறது என்ற கணக்கு. அறுபது இருந்தால் லாரி வழுக்கிக்கொண்டு ஓடும். முப்பதுக்குக் கீழே போனால் வெட்டி வெட்டி இழுக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் என் வீட்டுக்காரருக்கு லாரியும் வேண்டாம், சாலையும் வேண்டாம், அந்த நம்பர் போதும். கழுத்தை இடது பக்கம் சாய்த்து, மூலையையே பார்த்துக்கொண்டு ஓட்டுவார். லாரி தடுப்புச் சுவரில் மோதும். சிவப்பு விளக்கைத் தாண்டும். கேமுக்குள்ளேயே போலீஸ் அபராதம் போடும். ஒருநாள் பாலத்திலிருந்து தலைகீழாக ஆற்றுக்குள் விழுந்தது.

"ஏங்க, உழுந்துடுச்சுங்க!" என்று நான் கத்தினேன்.

"உழட்டும். அறுபதுல நிக்குது பாத்தியா? தண்ணிக்குள்ளகூட அறுபது!"

அவர் சிரித்தார். ஜூனுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆற்றுக்குள் இன்னும் பத்து லாரி விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாளில் அந்த நம்பரைத் தூக்கி நிறுத்துவதற்காக ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். சாலையோரப் புல்லை எடுத்தார். மரத்தின் நிழலை எடுத்தார். மழையை எடுத்தார். கடைசியில் அந்த ஊரே வெள்ளையடித்த சுவர் மாதிரி மொட்டையாக நின்றது. அப்புறம் இன்னொரு சந்தேகம் வந்தது. மீட்டர் பொய் சொன்னால்? கம்பெனியில் ஒரு கருவியைச் சரிபார்க்க இன்னொரு கருவி உண்டாம். எனவே இரண்டாவது மீட்டர் ஒன்று வந்தது. முதலாவது அறுபது என்றது, இரண்டாவது ஐம்பத்தொன்பது என்றது. வழக்கைத் தீர்க்க மூன்றாவது. பிறகு சூடு பார்க்க ஒன்று, மெமரி பார்க்க ஒன்று, விசிறி சுற்றுவதைப் பார்க்க ஒன்று, இவை எல்லாம் சொல்வதை எழுதி வைக்க ஒன்று. ஆக மொத்தம் ஏழு. திரையில் லாரி தெரிவதற்கு இடமே இல்லாமல் போயிற்று.

இதில் நான் எங்கே வருகிறேன் என்று கேட்பீர்கள். வருகிறேன். ஒன்பது வருடமாக நான் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். தெருவில் ஏழெட்டு வீடு வாங்கும். ஆனால் என் வியாபாரம் நிற்பது துலுக்கானத்தின் டிபன் கடையால்தான். ஸ்டேஷன் பக்கத்தில் கடை. தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய எவர்சில்வர் டிரம் நிறைய என் மாவு போக வேண்டும். சமையலறை சின்னது என்பதால் கிரைண்டர் ஹாலில், கம்ப்யூட்டருக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்கு அரைக்க ஆரம்பித்தால்தான் மழைக் குளிரிலும் காலை ஐந்துக்குள் மாவு பொங்கும். நேரம் தப்பினால் மாவு அசையாது.

நவம்பர் மழை தொடங்கிய வாரம், நம்பர் விழ ஆரம்பித்தது. ஏழு மணிக்கு உட்காருவார், அறுபது. ஏழு இருபதுக்கு முப்பத்தெட்டு, இருபத்தேழு, லாரி வெட்டி வெட்டி இழுக்கும். மனிதர் துடித்துப்போனார். கம்பெனியில் போடுகிற மாதிரியே ஒரு அட்டவணை போட்டுச் சமையலறைக் கதவுப் பக்கம் ஒட்டினார். உட்கார்ந்த நேரம், விழுந்த நேரம், விழுந்த அளவு. நாலு நாள் எழுதினார். ஐந்தாம் நாள் நான் கடைக்குப் போய்விட்டு வந்து பார்க்கிறேன், என் கிரைண்டர் கழுத்தில் சிவப்புச் சீட்டு தொங்குகிறது! பொருள்: கிரைண்டர். குறை: மின்சாரத்தை இழுத்து நம்பரைக் குறைத்தல். நிலை: நிறுத்தி வைப்பு. கீழே கையெழுத்து, தேதி.

"இன்னாங்க இது?"

"ஏழு மணிக்கு நீ கல்லு போடுற. ஏழு இருபதுக்கு நம்பர் உழுது. காரணம் தெரியற வரைக்கும் இது ஓடக் கூடாது."

"இது என் பொழப்புங்க!"

"பொழப்பு வேற, தரம் வேற. ஒரு வாரம் பொறு தெரசா. ஒம்போது மணிக்கு மேல அரைச்சிக்கோ."

நான் பொறுத்திருக்கக் கூடாது. அன்றைக்கே சீட்டைப் பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த ஐந்து மாதத்தில் அவர் பேசிய பேச்செல்லாம் அந்த நம்பரைப் பற்றித்தான். அதையும் நான் பிடுங்கினால் மறுபடி நாற்காலியில் சும்மா உட்கார்ந்துவிடுவாரோ என்று பயந்தேன். அந்தப் பயத்தில்தான் வாயை மூடிக்கொண்டு ஒன்பது மணிக்கு மேல் அரைத்தேன்.

கிரைண்டரை நிறுத்திய பிறகும் ஏழு இருபதுக்கு நம்பர் விழுந்தது. அப்போதாவது சீட்டைக் கழற்றினாரா? இல்லை. "ஒருத்தரு இல்ல, ரெண்டு பேரு கீறாங்க" என்று கீழ்வீட்டு வேம்புலியம்மாளின் தண்ணி மோட்டாருக்கும் போய் ஒரு சிவப்புச் சீட்டைக் கயிற்றோடு கட்டிவிட்டு வந்தார். அந்த அம்மா தெருவையே கூட்டிவிட்டது.

"யோவ் அருளு! என் மோட்டாருக்கு இன்னாத்துக்குயா கவுறு கட்டிகினு போறே? மந்திரிச்சு உடுறியா?"

"டெஸ்ட்டுங்க. ஏழுலேந்து ஒம்போது வரைக்கும் மோட்டார் போடாதீங்க."

"அந்த நேரத்துலதான்யா தண்ணியே வருது! நீ பொம்ம லாரி ஓட்டுறதுக்கு நான் நாறிகினு கெடக்கணுமா? தெரசா, உன் ஊட்டுக்காரன உள்ள இஸ்துகினு போ!"

இழுத்துக்கொண்டு வந்தேன். படியில் ஏறும்போதே பணிமனைப் பக்கம் பார்த்துக்கொண்டு, "ஏழு மணிக்கு மேல ட்ரெயின் எல்லாம் ஷெட்டுக்குத் திரும்புதுல்ல?" என்றார். ஓடுகிற ரயிலுக்குச் சிவப்புச் சீட்டு கட்டப் போய்விடுவாரோ என்று இரண்டு நாள் கண்காணித்தேன்.

இதற்குள் துலுக்கானம் முகம் மாறிவிட்டது. ஒரு திங்கட்கிழமை டிரம்மை எடுக்க வந்தவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"யக்கா, இன்னா யக்கா ஆச்சு உனக்கு? ரெண்டு வாரமா மாவு பொங்கவே இல்ல. இட்லி எறக்குனா தட்டு மாதிரி கீது. சட்னிய மட்டும் நக்கிட்டு இட்லிய அப்படியே உட்டுட்டுப் போறானுங்க."

"மழைப்பா. குளுருல..."

"ஒம்போது வருசமா மழ பெய்யலியா யக்கா? நான் வெள்ளிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்பால பாக்கெட் மாவுதான். கோச்சிக்காத."

துலுக்கானம் போனால் நான் அரைப்பதில் அர்த்தமே இல்லை. ஏழு வீட்டுக்காகக் கல்லை ஓட்டவா முடியும்? அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவரிடம் சொன்னேன். "காரணத்த நெருங்கிட்டேன் தெரசா" என்றார். எட்டாவதாக ஒரு மீட்டர் தேடிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை குக்கர் விசிலுக்காகக் காத்து நின்றபோது, கதவோரம் ஒட்டியிருந்த அவருடைய அட்டவணையைச் சும்மா படித்தேன். திங்கள், உட்கார்ந்தது ஏழு, விழுந்தது ஏழு இருபது. செவ்வாயும் அப்படியே. சனிக்கிழமை அரை நாள் வேலை, சீக்கிரம் வந்துவிடுவார். உட்கார்ந்தது நாலு முப்பது, விழுந்தது நாலு ஐம்பது. ஞாயிறு, பூசை முடிந்து வந்து உட்கார்ந்தது பதினொன்று, விழுந்தது பதினொன்று இருபது. ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நான் எங்கே கல்லைப் போட்டேன்? அந்த நேரத்தில் கறி அல்லவா நறுக்கிக்கொண்டிருப்பேன்! கிரைண்டரும் இல்லை, மோட்டாரும் இல்லை, ரயிலும் இல்லை. அவர் எப்போது உட்கார்ந்தாலும் சரியாக இருபது நிமிடம். தானே எழுதி, தானே ஒட்டி, தினமும் அதன் முன்னால் நின்று காப்பி குடித்துக்கொண்டு, ஒரு தடவைகூட மேலிருந்து கீழே படிக்கவில்லை இந்த மனிதர்.

அந்த இருபது நிமிடத்தில் அவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். மீட்டர்களைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத விடுகிறார். மாவு வியாபாரம் தொடங்கிய முதல் வருடம் நானும் அப்படித்தான். பொங்கியதா, பொங்கியதா என்று மணிக்கொரு தரம் மூடியைத் திறந்து பார்ப்பேன். திறக்கத் திறக்கச் சூடு போய், மாவு அப்படியே கிடக்கும். எனக்குப் பொறி தட்டியது. புனேவுக்குப் போன் போட்டேன்.

"ஜெர்வின், அந்த மிஷினுல எத்தினி மீட்டர் ஓடலாம்?"

"ஒண்ணு போதும்மா. ஏன், அப்பா எத்தினி வெச்சினு கீறாரு?"

"ஏழு."

அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது. "ஏழுமா எழுதிகினே கீது? பழைய மிஷினும்மா, மெமரி கம்மி. இருபது நிமிசத்துல ரொம்பிடும். லாரிய இஸ்துகினு கீறதே அந்த மீட்டருங்கதான்."

"இத அவருகிட்ட சொல்லக் கூடாதாடா?"

"ஒண்ணுக்கு மேல வெக்காதன்னு போன மாசமே சொன்னேன்மா. 'டேட்டா எங்க'ன்னு கேட்டாரு."

அவனிடமே எல்லாவற்றையும் எப்படி மூடுவது என்று கேட்டு எழுதிக்கொண்டேன். புல், நிழல், மழையைப் பழையபடி வைப்பது எப்படி என்பதையும் கேட்டுக்கொண்டேன். புதன்கிழமை மத்தியானம் அவர் வேலைக்குப் போயிருந்தபோது ஏழு மீட்டரையும் மூடினேன். கொஞ்சம் உளுந்தைப் போட்டு, சிவப்புச் சீட்டு ஆட ஆடக் கிரைண்டரைத் தட்டிவிட்டேன். அந்தப் பக்கம் கல் ஓட, இந்தப் பக்கம் நான் லாரி ஓட்டினேன். சும்மா சொல்லக் கூடாது, ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. ஒரு வெட்டு இல்லை, ஒரு இழுப்பு இல்லை. மழைக்குள் புகுந்து ஏரிக்கரை ஓரமாக வளைந்து வளைந்து போகிறது வண்டி. எனக்கு லைசென்ஸ் எடுக்கலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது.

அவர் வந்ததும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்பர் இன்னா காட்டிச்சு?" என்றார்.

"நம்பரே இல்லீங்க. எல்லாத்தையும் மூடிட்டுதான் ஓட்டுனேன்."

"நம்பர் இல்லாம சரியா ஓடிச்சின்னு எப்படிச் சொல்ற?"

"பாத்தேங்க. கண்ணு கீதுல்ல?"

"அது டெஸ்ட்டே இல்ல தெரசா."

"அப்ப ஒண்ண மட்டும் வெச்சிகினு மீதி ஆற மூடுங்க."

"அந்த ஒண்ணு சொல்றது சரியான்னு எது பாக்கும்?"

இந்த மனிதரோடு இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியதற்கு எனக்குத்தான் பச்சைச் சீட்டு கட்ட வேண்டும். அன்றைக்கும் ஒன்பது மணிக்கு மேல்தான் அரைத்தேன்.

வியாழக்கிழமை காலை ஆறரை மணி. அவர் முகத்தில் சோப்பு நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். படியில் தடதடவென்று சத்தம். துலுக்கானம் டிரம்மைத் தூக்கிக்கொண்டு மேலே வந்து வாசலில் வைத்தான். ஐந்து மணிக்கு எடுத்துப்போன மாவு, முதல் ஈட்டுக்கு எடுத்தது போக அப்படியே திரும்பி வந்திருந்தது.

"மன்னிச்சிக்கோ யக்கா. மொத ஈடு வெச்சேன், கல்லு. இன்னிக்கு கடைய பூட்டிட்டு வந்துட்டேன். நாளைக்கும் இப்படித்தான்னா சொல்லிடு, நான் பாக்கெட்டுக்குச் சொல்லிடுறேன்."

அவன் இறங்கிப் போய்விட்டான். என் வீட்டுக்காரர் நுரை முகத்தோடு டிரம் பக்கத்தில் வந்து நின்றார்.

"ரிட்டனா?" என்று கேட்டார். "முழுசுமா?"

இருபத்தேழு வருடத்தில் அவர் கையால் போன சரக்கு ஒரே ஒரு தடவைதான் திரும்பி வந்திருக்கிறது. இப்போது அவர் வீட்டு வாசலுக்கே ஒன்று வந்து நிற்கிறது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மற்ற நாளாக இருந்தால் எனக்குப் பாவமாக இருந்திருக்கும். அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ்!" என்றேன். எனக்குக் கோபம் தலைக்கேறினால்தான் 'யோவ்' வரும். கல்யாணமான பிறகு அது மூன்றாவது தடவை. "என் கல்லுல இன்னாயா தப்பு? ஒம்போது வருசமா ஒரு நாளு, ஒரே ஒரு நாளு என் மாவு திரும்பி வந்திருக்கா? புள்ள போன துக்கத்துல கீறியேன்னு வாய மூடிகினு இருந்தேன். ஏன், எனக்கு மட்டும் அவன் புள்ள இல்லியா? எனக்கு அழுவ ஒரு மூல கெடச்சுதா இந்த ஊட்டுல? நான் மாவு அரைச்சுதான் அத மறந்துகினு இருந்தேன். அதுக்கும் சீட்டு கட்டிட்டே நீ!"

அவர் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குப் போனார். சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டுப் போனார். நானும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் ஆறரைக்கு வந்தார். செருப்பைக் கழற்றிய கையோடு நேராகக் கிரைண்டரிடம் போய் சிவப்புச் சீட்டை அவரே அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். கீழே போய் வேம்புலியம்மாள் மோட்டாரிலிருந்ததையும் அவிழ்த்தார். அந்த அம்மா என்ன சொன்னதோ, காது சிவந்துபோய் வந்தார். ஏழு மணிக்கு நான் உளுந்தைப் போட்டுக் கல்லைத் தட்டிவிட்டேன். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கை பழக்கத்தில் முதல் மீட்டரைத் திறந்தது. நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து மூடினேன்.

"ஒண்ணே ஒண்ணு தெரசா..."

"ஒண்ணும் கெடையாது. ஓட்டுங்க."

லாரி கிளம்பியது. அவர் கண் நேராக இடது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமே இல்லை. ஆனாலும் அதையே பார்த்தார். லாரி வழக்கம்போல் தடுப்புச் சுவரில் மோதியது.

"மூலையில இன்னா கீது? ரோட்ட பாருங்க!"

கழுத்தை நேராக்கிக்கொண்டார். எனக்கே பாவமாக இருந்தது, கழுத்து அந்தப் பக்கமே திரும்பிப் பழகிவிட்டது. கிரைண்டர் கடகடவென்று ஓடியது. கீழே வேம்புலியம்மாள் வேண்டுமென்றே மோட்டாரைப் போட்டது. ஏழு பத்து. ஏழு பதினைந்து. ஏழு இருபதுக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மேசையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஏழு இருபத்தொன்று ஆயிற்று. ஏழு முப்பதும் ஆயிற்று.

"வெட்டல," என்றார் மெதுவாக. "வெட்டலியே தெரசா."

"எத வெச்சு சொல்றீங்க?"

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே ஒரு வளைவைத் திருப்பினார். பிறகு, "பாக்குறேன்ல?" என்றார். அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு நிமிடம் போயிருக்காது, நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"ஏய்! மலை கீது!"

"எங்க?"

"எதுத்தாப்ல! மேல வெள்ளையா... எப்பலேந்து கீது இது?"

"மொதல்லேந்தே கீதுங்க."

"நான் இந்த ரோட்டுல அஞ்சு மாசமா போய்கினு வந்துகினு கீறேன்!"

லாரியை நடுரோட்டில் நிறுத்திவிட்டார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. அவர் அசையவில்லை. மோவாயில் கையை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எட்டு மணிக்கு மாவை வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைத்தேன். அன்றைக்கு ஒரு தடவைகூட மூடியைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் பார்த்தால், மாவு டிரம் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துலுக்கானம் வந்தான். மூடியை எடுத்து, கரண்டியால் அள்ளி ஊற்றிப் பார்த்தான்.

"இதான் யக்கா மாவு!" என்றான். "பாக்கெட்டாவது ஒண்ணாவது. நாளைக்கு ரெண்டு படி சேத்துப் போடு, சனிக்கெழம கூட்டம் வரும்."

டிரம்மை என் வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு கீழே இறங்கி அவன் வண்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்தார். வண்டி முனை திரும்பிப் போனது. தெரு விளக்கு வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் நின்றோம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"தெரசா, நீ எப்ப கண்ணாடி போட்டே?"

நான் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"ஆகஸ்ட்டுல. மாதா கொடியேத்தத்துக்கு முந்தின வாரம்."

"நெஜமாவா? இத்தினி மாசமா மூஞ்சில கீதா?"

"நீங்கதாங்க வண்டியில இட்டுகினு போனீங்க, ஆவடிக்கு. கண்ணாடிக் கடையில என் பக்கத்துலயே ஒக்காந்துகினு, சீட்டுல பவர் சரியா கீதான்னு ரெண்டு தபா படிச்சுப் பாத்தீங்க."

"கீழ ப்ளஸ் ஒண்ணே முக்கா, மேல ப்ளஸ் அரை. ரெண்டு கண்ணுக்கும் ஒண்ணுதான்," என்று டக்கென்று ஒப்பித்தார். ஒப்பித்து முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் தொங்கிப்போயிற்று.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது, வெட்கம்கெட்ட சிரிப்பும் கூடவே வந்தது. இந்த வயதில் நடுத்தெருவில் நின்று ஒரு ஆளை எப்படித் திட்டுவது? பால்காரர் சைக்கிள் வேறு வந்துகொண்டிருந்தது. "நம்பரு மட்டும் ஞாபகம் கீது, மூஞ்சி ஞாபகம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் படியேறத் திரும்பினேன்.

"இரு, இரு," என்று கையைப் பிடித்து நிறுத்தினார். "அதுக்குள்ள போவாத. இன்னும் பாத்து முடிக்கல."